சாரதா லேட்டா வுடல

காலையில ஆறு மணி பத்துக்கு இரும்புலியூர்ல வூட்டைப் பூட்டிக்கினு கெளம்பினேன். போற எடம் அஸ்தினாபுரம். மொத்தம் எட்டு கிலோமீட்டர் தேறும். ஜனங்க காசி, பத்ரின்னு போயிட்டு வந்து கதை சொல்லுவாங்க. எனக்குச் சொல்றதுக்கு இந்த எட்டு கிலோமீட்டர்தான் கீது. இதைப் போறதுக்கு எனக்கு முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு.

எதுக்குப் போறேன்னு முதல்லயே சொல்லிடறேன். நான் சர்க்கஸ்ல காட்சரா இருந்தவன். அந்தரத்துல தலைகீழாத் தொங்கி ஆடிக்கினு, எதிர்ப் பக்கத்துல கயித்துல தொங்கற பார்லேர்ந்து பறந்து வர்றவங்களைப் புடிக்கிற ஆளு. சாரதா பறக்கறவ, கேரளாவுல தலச்சேரிக்காரி. ஒரு தீபாவளி அன்னிக்கு சாயங்கால ஷோவுல என் கையிலேர்ந்து நழுவி விழுந்தா. ஏன் விழுந்தான்னு எங்களுக்குப் பயிற்சி குடுக்கற மாஸ்டர் என்னைக் கேட்டாரு. "லேட்டா வுட்டா"ன்னு சொன்னேன். பாரை வுட வேண்டிய நேரத்துல வுடாம, கொஞ்சம் பிந்தி வுட்டுட்டான்னு அர்த்தம். அது பொய். அன்னிக்கு என் கையில எண்ணெய் இருந்துச்சு. அதை அவகிட்ட என் வாயால சொல்லணும்.

எங்க கம்பெனி பழைய ஆளுங்க எல்லாம் சேந்து போன்ல ஒரு குரூப்பு வெச்சிருக்காங்க. 'பழைய கூடாரம்'னு பேரு. அறுபது பேர் கிட்ட கீறாங்க. என் பையன் என்னையும் அதுல சேத்து வுட்டான். எனக்கு எழுத்து கூட்டிப் படிக்கிறதே பெரும் பாடு, அதனால வாய்ஸ் வந்தா கேப்பேன், பேச மாட்டேன். நேத்து மதியம் அதுலதான் சேதி வந்துச்சு. சாரதாவோட பொண்ணுக்கு கண்ணூருக்கு ட்ரான்ஸ்பர் ஆயிடுச்சாம். அம்மாவையும் கூட்டிக்கினு இன்னிக்கு சாயங்காலம் தாம்பரத்துல ரயிலேறப் போறா. இனிமே இந்தப் பக்கம் வரப் போறதில்ல.

அவ அஸ்தினாபுரத்துல கீறான்னு பதினோரு வருஷமா எனக்குத் தெரியும்.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்தே போனேன். ஜி.எஸ்.டி. ரோடு அந்நேரத்துக்கே பேஜார்தான். ஊருக்குப் போயிட்டு வர்ற பஸ்ஸுங்க, ஆபீஸ் வேனுங்க. எங்கப்பா இந்தப் பக்கம் நெல்லு போட்டவரு. இப்போ அந்த நெலத்துல நாலு மாடி கட்டி கீழ டயர் கடை வெச்சிருக்கான் ஒருத்தன். நல்லாத்தான் வெச்சிருக்கான், அதைக் கொறை சொல்ல மாட்டேன். எங்கப்பாவுக்கு அந்த நெலம் ஒரு வருஷமும் சோறு ஒழுங்காப் போடல. போட்டிருந்தா நான் சர்க்கஸுக்கு ஓடியிருக்கவே மாட்டேன்.

ஸ்டேஷன் வாசல்ல டீ. பதினஞ்சு ரூபா. டீக்கடைக்காரனுக்கு என்னை நல்லாத் தெரியும்.

"இன்னா பெரியவரே, சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கினு? பொண்ணு பாக்கவா?"

"பொண்ணுதான்பா. அறுபத்திரண்டு வயசு."

"அப்போ சக்கரை கம்மியாவே போடறேன்."

கிளாஸை ரெண்டு கையால புடிச்சிக்கினேன்.

அந்த தீபாவளிக்கு எங்க சர்க்கஸ் தாம்பரத்துலதான் கூடாரம் போட்டிருந்துச்சு. அப்போ இங்க காலி மைதானம் நெறைய இருந்துச்சு. நான் சேந்து ஒம்பது வருஷத்துல கம்பெனி என் சொந்த ஊருக்கு வந்தது அது ஒரு வாட்டிதான். தீபாவளின்னா மூணு ஷோ, மூணும் ஃபுல்லு.

சர்க்கஸ்ல ஒரு சட்டம் உண்டு. பறக்கறவங்க, புடிக்கறவங்க ரெண்டு பேரும் ஷோ நாள்ல எண்ணெய் தேய்ச்சிக் குளிக்கக் கூடாது. தலைக்கும் கூடாது, ஒடம்புக்கும் கூடாது. தலச்சேரி ஆளுங்களுக்கு எண்ணெய் இல்லாட்டி பொழுதே விடியாது. அவங்களே ஊர் மாத்தற அன்னிக்கு மட்டும்தான் தேய்ச்சிக்குவாங்க, ஏன்னா அன்னிக்கு ஷோ கிடையாது. லாரியில சாமான் ஏத்தற எடத்துல பாத்தா அம்பது பேரு மினுமினுன்னு நிப்பாங்க. அவ்ளோ கட்டுப்பாடு.

தீபாவளிக்கு விடியறதுக்கு முன்னாடி எங்கம்மா இரும்புலியூர்லேர்ந்து நடந்து வந்துட்டா. கிண்ணத்துல நல்லெண்ணெய். மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சினது, இன்னும் சூடு ஆறல. ஒம்பது தீபாவளி என் தலைக்கு எண்ணெய் வெக்கல அவ. "தலையில ஒரு சொட்டு, சாங்கியத்துக்கு"ன்னா. சரின்னு குந்தினேன். ஒரு சொட்டோட வுடுவாளா? தலை, தோளு, முழங்கை, மணிக்கட்டு வரைக்கும் இழுத்து இழுத்துத் தேய்ச்சா. "இந்தக் கையாலதானேடா ஊர்ப் பொண்ணுங்களையெல்லாம் புடிக்கிறே"ன்னு சொல்லி அதுல ரெண்டு மடங்கு தேய்ச்சா. எனக்கு வேணாம்னு சொல்ல வாய் வரல. நல்லா இருந்துச்சு. அதுதான் நெசம்.

சீயக்காய் போட்டு மூணு வாட்டி கழுவினேன். மதிய ஷோவுல ஒண்ணுமில்ல. சாயங்காலம் லைட்டு சூட்டுல, வேர்வையில, உள்ள போன எண்ணெய் வெளிய வந்துடுச்சு. மேல தொங்கும்போதே எனக்குத் தெரிஞ்சிச்சு. பவுடர் பூசிக்கினேன். எறங்கிப் போயி மாஸ்டர்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல.

இன்னிக்குக் காலையில ஏழு மணிக்கு பீச் போற ரயிலு. குரோம்பேட்டைக்கு டிக்கெட் அஞ்சு ரூபா, நடுவுல சானடோரியம் ஒரு ஸ்டேஷன்தான். நின்னுக்கினுதான் போனேன். ஒரு டீச்சரம்மா, பை நெறைய பரீட்சை பேப்பர், எழுந்து எடம் குடுத்துச்சு.

"உக்காருங்க தாத்தா."

"நீ உக்காரும்மா. தொங்கறது நம்ப தொழிலு."

அந்தம்மா சிரிச்சிட்டு உக்காந்துடுச்சு. ரயில் ஆடும்போது மேல கைப்புடிங்க எல்லாம் ஒண்ணா ஆடுது. ஜனங்க விரலால புடிச்சிக்கினு நிக்கிறாங்க. அந்தரத்துல நாங்க விரலைப் புடிக்க மாட்டோம். என் கை அவ மணிக்கட்டை, அவ கை என் மணிக்கட்டை. நாலு கையும் பூட்டு மாதிரி வுழணும். ஆனா பூட்டுல எண்ணெய் இருந்தா?

இந்த ட்ரபீஸ், அதான் அந்தரத்துல தொங்கற பார் ஆட்டம், எங்கேர்ந்து வந்துச்சுன்னு மாஸ்டர் சொல்லுவாரு. அவரு தலச்சேரியில ஒரு களரி ஆசான்கிட்ட பார் வேலை கத்துக்கினவரு. அந்த ஆசானுக்கு வெள்ளைக்காரன் சர்க்கஸைப் பாத்து வந்த ஆசை. மாஸ்டர் சொன்ன கணக்குல, பறக்கற ட்ரபீஸ் பொறந்தது பிரான்ஸ்ல. அங்க ஒருத்தர் தேகப்பயிற்சிக் கூடமும் நீச்சல் குளமும் வெச்சிருந்தாராம். அவரு பையன் குளத்துக்கு மேல கயிறு கட்டி, அதுல கட்டையைத் தொங்க வுட்டு, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குத் தாவிப் பழகினானாம். விழுந்தா தண்ணி. எத்தினி வாட்டி வேணாலும் விழலாம். அப்போ காட்சர்னு ஒருத்தனே கிடையாது. கட்டையை வுட்டு கட்டையைப் புடிக்கறதுதான். ஒரு கட்டைக்குப் பதிலா மனுஷன் தொங்கறதெல்லாம் பின்னாடி வந்துச்சாம். மாஸ்டர் இதைச் சொல்லிட்டு என்னைப் பாப்பாரு. "கட்டைக்குப் பொய் சொல்லத் தெரியாது ஏழுமலை"ன்னு ஒரு வாட்டி சொன்னாரு. தமாஷுக்குத்தான் சொன்னாரு, தீபாவளிக்கெல்லாம் முன்னாடி.

குரோம்பேட்டையில எறங்கி கிழக்குப் பக்கமா வெளிய வந்து, ஷேர் ஆட்டோவுல அஸ்தினாபுரம். இருபது ரூபா. நீங்க அந்தப் பக்கம் போனதில்லன்னா, சின்னச் சின்ன தெரு, வரிசையா அபார்ட்மென்ட்டு, வாசல்ல கோலம், ஒவ்வொரு கேட்டுலயும் ட்யூஷன் போர்டு. ஒரு தெருக்கோடியில தகரக் கூரை போட்ட உசரமான ஷெட்டு. அதுதான் சாரதா ட்ரபீஸ் கிளாஸ் எடுத்த எடம்னு, நான் கேட்டதுக்கு மளிகைக் கடையில காட்டினாங்க.

உள்ள ஒரு பொண்ணு மெத்தைங்களைச் சுருட்டிக்கினு இருந்துச்சு. ஐ.டி. கம்பெனியில வேலையாம். மூணு வருஷமா கத்துக்குதாம்.

"அம்மா இல்ல அங்கிள். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி திருநீர்மலை கோயிலுக்குப் போய்ட்டு வரேன்னு அவங்க பொண்ணு ஷைஜா அக்காவோட போயிருக்காங்க. நீங்க?"

"அவங்களோட சர்க்கஸ்ல இருந்தேன்."

"ஓ காட், நீங்களும் ட்ரபீஸா?"

மேல பாத்தேன். ஒரே ஒரு கொக்கி. ரெண்டு கயிறும் மேல போயி அந்த ஒரே கொக்கியில சேருது, கீழ கட்டை. எங்க காலத்துல ரெண்டு கயிறுக்கும் தனித்தனி கொக்கி. இது ஒத்தக் கொக்கிங்கறதால கட்டை பம்பரமாச் சுத்தும். இது டான்ஸ் ட்ரபீஸுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. சர்க்கஸ்லேர்ந்து வரலியாம். வெளிநாட்டு நாட்டியக்காரங்க மேடைக்காகக் கட்டிக்கினதாம். தரையிலேர்ந்து ஒரு ஆள் உசரம்தான். பறக்க வேணாம், புடிக்கவும் ஆள் வேணாம்.

"அம்மா ஃபர்ஸ்ட் கிளாஸ்ல எல்லாருக்கும் ஒண்ணு சொல்லுவாங்க அங்கிள்"னு அந்தப் பொண்ணு மெத்தைக்குக் கயிறு கட்டிக்கினே சொல்லிச்சு. "'நான் லேட்டா வுட்டவ. ஒரு நொடி லேட். அதோட என் பறக்கறது போச்சு. என்கிட்ட கத்துக்கறவங்க யாரும் லேட்டா வுடக் கூடாது'ன்னு. அதைச் சொல்லாம கயிறைத் தொட வுட மாட்டாங்க."

சுருட்டின மெத்தை மேலயே ஒக்காந்தேன். அந்தப் பொண்ணு தண்ணி பாட்டில் குடுத்துச்சு. வாங்கிக் குடிச்சேன்.

எட்டு மணி நாப்பதுக்கு ஆட்டோ புடிச்சேன். திருநீர்மலைக்கு இருநூத்தி இருபது ரூபா கேட்டான், பேரம் பேசல. ரயில்வே லைனைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி மேற்கால போகணும். ஏழு கிலோமீட்டர் கிட்ட.

"சர்க்கஸா நைனா? சிங்கம்லாம் அடக்குவியா?"

"இல்லப்பா. நான் புடிக்கிறவன்."

"எதை, சிங்கத்தையா?"

"பறந்து வர்ற ஆளுங்களை."

"எல்லாரையும் புடிச்சிருவியா?"

அவன் கண்ணாடியில என் மூஞ்சியைப் பாத்துட்டு ரேடியோவைக் கொஞ்சம் சத்தமா வெச்சான்.

அந்த தீபாவளி ஷோவுல சாரதா எப்பவும் போலத்தான் வந்தா. ஒண்ணரை சுத்து சுத்தி, நேரா, சரியான நேரத்துக்கு. அவ மணிக்கட்டு என் கையில வந்து வுழுந்துச்சு. அப்புறம் வழுக்கிச்சு. அவ கண்ணு என்னைப் பாத்துச்சு. பயத்துல பாக்கல. இன்னா ஆச்சுன்னு கேக்கற மாதிரி பாத்துச்சு. வலையோட ஓரத்துல விழுந்து, எகிறி, வெளிய வலை கட்டின முளையில போயி மோதினா. இடுப்பு எலும்பு ஒடஞ்சிடுச்சு.

எங்க கம்பெனியில, விழுந்தவங்களைப் பத்தி காட்சர் சொல்றதுதான் தீர்ப்பு. ஷோ முடிஞ்சதும் எல்லாரையும் வட்டமா நிக்க வெச்சி மாஸ்டர் கேப்பாரு. "சீக்கிரமா, சரியா, லேட்டா?" மூணுல ஒண்ணு சொல்லணும். சரின்னு சொன்னா தப்பு என்னுதுன்னு ஆவும். லேட்டுன்னேன். எங்கம்மா அப்போ கூட்டத்துல நின்னுக்கினு இருந்தா, கையில காலிக் கிண்ணம். அவளுக்கு ஒண்ணும் புரியல. சாவற வரைக்கும் புரியல.

எட்டு மாசத்துல சாரதா எழுந்து வந்துட்டா. பறக்கத் தயாரா வந்தா. ஆனா ஒரு காட்சர் லேட்டுன்னு சொன்ன பொண்ணுக்கு இன்னொரு காட்சர் தொங்க மாட்டான். அதுவும் வழக்கம்தான். லேட்டா வர்றவங்களைப் புடிக்கப் போயி காட்சர் தோள்பட்டை கழண்டதெல்லாம் உண்டு. மாஸ்டர் என்னையும் கேட்டாரு, "நீ தொங்குவியா?"ன்னு. தொங்கறேன்னு சொன்னா லேட்டுன்னு சொன்னது பொய்யின்னு ஆயிடும். மாட்டேன்னுட்டேன். அவ எதிர்லயே சொன்னேன்.

அதுக்கப்புறம் அவளுக்கு யாரும் புடிக்க வேணாத ட்ரபீஸா குடுத்தாங்க. முதல்ல நிக்கிற ட்ரபீஸ். கட்டை ஆடாது, அதுல ஒத்தக் கால்ல தொங்கறது, குப்புறச் சாயறது. பறக்கறதுக்கெல்லாம் அதுதான் மூத்ததுன்னு மாஸ்டர் சொல்லுவாரு, ஒடம்பு முறுக்கற கூடத்துலேர்ந்து வந்ததாம். அப்புறம் மேக ஊஞ்சல். அதுல கட்டையே கிடையாது, வெறும் கயிறு வளைஞ்சி தொங்கும். தளர்ந்த கயித்து மேல நடக்கற கூத்தாடிங்க அதை ஆட வுட்டுக் கண்டுபுடிச்சதாம். கடைசியா தலை ட்ரபீஸ். அமெரிக்காவுல ஒருத்தன் ஆரம்பிச்சானாம். கனமான இரும்புக் கட்டை, நடுவுல சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு தட்டு, அதுல தலையை ஊனி காலை மேல தூக்கி நிக்கணும், கட்டையும் ஆடும். கையால எதையும் தொடக் கூடாது. ஆறு வருஷம் அதைச் செஞ்சா. அவ செய்யும்போது நான் கூடாரத்துக்கு வெளிய போயி பீடி குடிப்பேன்.

ஒம்பது மணி இருபதுக்கு திருநீர்மலையில எறங்கினேன். மலைன்னா பெரிய மலை இல்ல. மேல ரங்கநாதர் படுத்துக்கினு கீறாரு, கீழ அடிவாரத்துல நீர்வண்ணர் நிக்கிறாரு. முன்னாடி பெரிய குளம். பூக்கடை, துளசி மாலை முப்பது ரூபா. மேல ஏறிப் பாக்கணுமேன்னு மூச்சைப் புடிச்சிக்கினு நின்னேன். ஏற வேண்டியிருக்கல. குளத்துப் படிக்கட்டுலயே ஒக்காந்துக்கினு இருந்தா.

முடி வெளுத்திடுச்சு. முதுகு மட்டும் அப்படியே நேரா. பக்கத்துல பொண்ணு ஷைஜா. நான் படியில எறங்கினதைப் பாத்துட்டு சாரதா திரும்பினா. தலை திரும்பல, ஒடம்போட சேத்துத் திரும்பினா. ஆறு வருஷம் தலையை ஊனி நின்னதுல கழுத்து அசையாது அவளுக்கு.

"ஏழுமலையண்ணா! ஏய் ஷைஜா, இது யாருன்னு பாரு. என்னைப் புடிக்காத ஆள்."

சொல்லிட்டு சிரிக்கிறா. அவ எப்பவும் அப்படித்தான்.

"உக்காரு அண்ணா. இவ்ளோ பக்கத்துல இருந்துட்டு இன்னிக்குத்தான் வழி தெரிஞ்சதா? மேல ஏற முடியாது எனக்கு, கீழ நிக்கிற பெருமாளே போதும்னு உக்காந்துட்டேன். தண்ணியைப் பாத்தா மாஸ்டர் சொன்ன பிரான்ஸ்காரன் ஞாபகம் வருது. கொடுத்து வெச்சவன். தண்ணி மேல கத்துக்கிட்டான், யாரோட கையும் வேண்டியிருக்கல."

அப்போவே சொல்லிட்டேன். இன்னும் ஒரு வார்த்தை அவ பேசினா என்னால முடியாதுன்னு தோணிச்சு. எங்கம்மா வந்தது, எண்ணெய், சீயக்காய், மேல தொங்கும்போதே தெரிஞ்சது, எல்லாத்தையும் சொன்னேன். "நீ லேட்டா வுடல சாரதா. சரியா வந்தே. நான்தான் பொய் சொன்னேன்."

ஷைஜாதான் எழுந்து நின்னுச்சு.

"அங்கிள், எங்கம்மா கழுத்தைப் பாத்தீங்களா? ராத்திரி தலைகாணி வெச்சுப் படுக்க முடியாது. தெரியுமா உங்களுக்கு? எண்ணெயாம்! ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா..."

"ஷைஜா, உக்காரு"ன்னா சாரதா. அப்புறம் என் பக்கம் ஒடம்பைத் திருப்பினா. சிரிப்பெல்லாம் போயிடுச்சு.

"தெனம் படுக்கும்போது எண்ணிப் பாப்பேன் அண்ணா. ஒண்ணு, ரெண்டு, விடு. எங்க பிந்தினேன்னு தேடுவேன். எத்தனை தடவை எண்ணினாலும் சரியாத்தான் வரும். அப்போ எனக்கு எண்ணவே தெரியலன்னு நெனச்சேன். என் ஒடம்பு பொய் சொல்லுதுன்னு நெனச்சேன். முப்பத்தெட்டு வருஷமா என் ஒடம்பை நான் நம்பல."

"மன்னிச்சிடும்மா"ன்னேன்.

"அது வேற. அதுக்கு இப்போ நேரமில்ல." கையை நீட்டி ஷைஜாகிட்ட போனை வாங்கினா. "நீ இங்க வந்து என் காதுல மட்டும் சொன்னா எப்படி? அன்னிக்கு வட்டத்துல நின்னு எல்லார் முன்னாடியும் சொன்னே. வழக்கம் அதுதானே? அதே மாதிரி சொல்லு."

'பழைய கூடாரம்' குரூப்பைத் தொறந்து, மைக்கை அவளே அமுக்கிப் புடிச்சிக்கினா. போனை என் வாய்க்கு நேரா நீட்டினா.

சொன்னேன். "நான் காட்சர் ஏழுமலை பேசறேன். தாம்பரம் கேம்ப்புல தீபாவளி அன்னிக்கு சாயங்கால ஷோ. சாரதா சரியா வந்தா. லேட்டா வுடல. என் கையில எண்ணெய் இருந்துச்சு. மாஸ்டர்கிட்ட நான் சொன்னது பொய்."

அவ விரலை எடுத்தா. அது போயிடுச்சு. மறுபடியும் அமுக்கி, தன் வாய்கிட்ட கொண்டு போனா. பழைய கேலிக் குரல்ல சொன்னா:

"கேட்டீங்களா எல்லாரும்? இப்போ சொல்லுங்க. எனக்கு யார் தொங்குவீங்க?"

அவ்ளோதான். ஷைஜா கையைப் புடிச்சிக்கினு எழுந்தா. இடுப்பை ஒரு பக்கமா இழுத்துக்கினு படி ஏறினா. மேல போயி நின்னு, திரும்பாமயே சொன்னா. "ஸ்டேஷனுக்கு வராதே அண்ணா." கோவமா சொல்லல. 'குடை எடுத்துட்டுப் போ'ங்கற மாதிரி சொன்னா. ஆட்டோவுல ஏறிப் போயிட்டாங்க.

நான் அந்தப் படியிலயே ரொம்ப நேரம் ஒக்காந்திருந்தேன். பெருமாளைப் பாக்கப் போவல.

பதினோரு மணி நாப்பதுக்கு பல்லாவரம் போற ஷேர் ஆட்டோ. இருபத்தஞ்சு ரூபா. போன் சட்டைப் பையில முனகிக்கினே வந்துச்சு. பல்லாவரம் பிளாட்பாரத்துல ஒரு பெஞ்சுல ஒக்காந்து ஒவ்வொண்ணாக் கேட்டேன்.

முதல்ல எங்க கம்பெனி பபூன். "ஏழுமலை, நீயாடா? த்தூ." அவ்ளோதான் அதுல. ரெண்டாவது, வலை கட்டறவரா இருந்த ஆளு. "நான் கீழேர்ந்து பாத்தேன். சரியாத்தான் வந்தா. என்னை யாரும் கேக்கலியே. வலைக்காரனை யார் கேப்பாங்க?"

அப்புறம் காட்சருங்க. அன்னிக்கு அவளுக்குத் தொங்க மாட்டேன்னு சொன்ன பாலன். எழுவத்தாறு வயசு, ரெண்டு முட்டியும் ஆபரேஷன் ஆயிடுச்சு. மலையாளமும் தமிழும் கலந்து பேசினாரு. "சாரதே, நீ வா. நான் தொங்கறேன். கயிறு தாங்குமான்னு மட்டும் பாத்துக்கோ." நேபாளத்துக்காரன் ஒருத்தன், வேற கம்பெனிக்குப் போனவன். இந்தியில சொன்னான். நான் ஹாஜர், அக்கா, எப்ப வேணாலும் வாங்கன்னு. அதுக்கப்புறம் இன்னும் மூணு பேரு. ஒருத்தருக்கு பக்கவாதம், வாய் குழறுது. வார்த்தை புரியல, ஆனா இன்னா சொல்றாருன்னு புரிஞ்சிச்சு.

தாம்பரம் ரயில் வந்துச்சு, ஏறினேன். சானடோரியம் தாண்டும்போது இன்னொண்ணு வந்துச்சு. ஒரு பொம்பளைக் குரல். செத்துப்போன ஒரு காட்சரோட சம்சாரம். "சாரதேச்சி, அவர் போயி நாலு வருஷமாச்சு. இருந்திருந்தா உங்களுக்குத் தொங்கியிருப்பார். அதைச் சொல்லணும்னு தோணிச்சு."

ரயில்ல எதிர்ல ஒக்காந்திருந்த ஆளு என்னைப் பாத்துட்டு, "சார், தண்ணி வேணுமா?"ன்னு கேட்டாரு. வேணாம்னு கை காட்டினேன்.

ஒண்ணே கால் மணிக்கு இரும்புலியூர் வந்து சேந்தேன். மொத்த செலவு இருநூத்தித் தொண்ணூறு ரூபா. நேத்து வரைக்கும் சாரதா என் வூட்டுலேர்ந்து எட்டு கிலோமீட்டர். இன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து எழுநூறு கிலோமீட்டர் ஆயிடும். வெளியூரெல்லாம் சுத்தின காலத்துல அவ பக்கத்துக் கூடாரத்துல இருந்தா, சாப்பாட்டுக்கு ஒரே வரிசையில நிப்போம். அப்போ பத்து அடி.

வூட்டுக்குள்ள போவாம ரோட்டோரமா நின்னேன். குரூப்புல இருந்த காட்சருங்க எல்லாரும் பதில் போட்டுட்டாங்க, நான் ஒருத்தன்தான் பாக்கி. மைக்கை அமுக்கினேன். எட்டு செகண்டு ஓடிச்சு. 'நான் தொங்கறேன்'னு சொல்லணும், ரெண்டே வார்த்தைதான். மாஸ்டர் அதை ஒரு வாட்டி கேட்டப்போ, அவ எதிர்லயே மாட்டேன்னு சொன்ன வாயி இது. தொறக்கல. விரலை எடுத்தவுடனே அந்த எட்டு செகண்டும் குரூப்புக்குப் போயிடுச்சு. எப்படி அழிக்கறதுன்னு எனக்குத் தெரியாது. இப்பவும் அங்கதான் கீது. போட்டுக் கேட்டீங்கன்னா ஜி.எஸ்.டி. ரோட்டுல ஒரு லாரி போற சத்தம் மட்டும் கேக்கும்.